குடத்தில் இரண்டு சீட்டு

பழவேற்காடு,
23-7-2024.

அன்புள்ள பெருமாளுக்கு,

தேசப்பன் எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் மடித்து எறிந்துவிடாதே. கோபம் இருந்தால் உன் வீட்டுக்காரி காந்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல், நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேள். போனில் பேசலாம் என்றால் நீ என் நம்பரை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் வாய் உனக்குத் தெரியும், இரண்டு நிமிஷத்தில் கத்த ஆரம்பித்துவிடுவேன். காகிதத்தில் கத்த முடியாது. அதனால்தான் என் பெண் சுபஸ்ரீயின் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விலாசம் பஜாரில் ஷுக்கூர் பாய் கொடுத்தார். அவருக்கு மட்டும் மாசம் தவறாமல் போன் போடுகிறாயாமே! இருக்கட்டும், இருக்கட்டும்.

இங்கே எல்லாரும் நலம். என் வீட்டுக்காரி கஸ்தூரிக்கு முட்டிவலி, அதற்காக வாய் ஓயவில்லை. சுபஸ்ரீக்குப் பொன்னேரி காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. காலை பஸ்ஸில்தான் இடம் கிடைப்பதில்லை. உன் படகைத் தம்பி சுப்பன் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான். அடியில் ஒரு கீறல் விட்டிருந்தது, ஆள் வைத்து அடைத்துவிட்டான். உன் வீட்டு வாசலில் காசியம்மாள் கருவாடு காயப்போடுகிறாள். கேட்கப் போனால், 'வூட்டுக்காரன் வந்தா எடுத்துக்கிறேன், நீ இன்னாத்துக்குக் கேக்கற?'ன்னு என்னையே விரட்டுகிறாள். இந்தக் குப்பத்தில் தலைவருக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக் கடைசி ஞாயிறு அம்மனுக்குக் கூழ். மறுநாள் திங்கட்கிழமை, ஆகஸ்ட் பன்னிரண்டு, பாடு பிரிக்கிறோம். ஏரியில் யார் வலை எந்த இடத்தில், எந்த முறையில் என்று அம்மன் குடத்திலிருந்து சீட்டு எடுக்கிற நாள். போன வருஷம் நீ வரவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் உன் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். அடுத்தடுத்து இரண்டு தடவை தன் கையால் சீட்டு எடுக்காதவனுக்கு ஏரியில் பாடு கிடையாது. போன பெயர் திரும்ப ஏறியதாக நம் காலத்தில் ஒன்றுகூட இல்லை. சுப்பன் பெயர் ஏற்கெனவே இல்லை. உன் பெயரும் போனால் உங்கள் வீட்டுக்கே ஏரி இல்லை பெருமாள்.

நீ தலைவர்தானே, ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி வைக்கக் கூடாதா என்று காந்தா கேட்பாள். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பட்டியல் வாசித்தபோது ஊரிலும் அதையே சொன்னார்கள். 'தலைவர் சொன்னா சரி, வுட்டுடலாம்'னு நாலைந்து பேர். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது எதிரே சுப்பன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் துபாயில் மாட்டிக்கொண்டு இரண்டு சீட்டுக்கு வரமுடியாமல் போனபோது தலைவர் நீ. அவனோ உன் கூடப் பிறந்தவன். ஊரில் பாதிப் பேர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நீ பேனாவை வாங்கி உன் கையாலேயே அவன் பெயரில் கோடு போட்டாய். எனக்கு அன்றைக்கு உன்மேல் பயங்கர எரிச்சல், கல்நெஞ்சுக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவன் திரும்பி வந்த பிறகு உன் வலையில் விழுந்த இறாலில் பாதி தினமும் அவன் வீட்டுக் கூடைக்குப் போனது எனக்கு அப்போது தெரியாது. காந்தா உன்னைத் திட்டியது நாலு வீட்டுக்குக் கேட்டதாம். சட்டம் ஊருக்கு, நஷ்டம் உனக்கு என்று வைத்துக்கொண்டாய். அப்படிப்பட்ட ஆள் பெயரை நான் சலுகை கொடுத்துக் காப்பாற்றினால் நீயே என்னைப் பார்த்துச் சிரிப்பாய். அதனால் சலுகை இல்லை. நீ வரவேண்டும்.

ஏன் வரமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் ஒரு வருஷமாகத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் திங்கட்கிழமை. ஐம்பத்தொரு பேர் எடுத்து முடித்தோம். எனக்கு மூன்றாவது வருஷமாகச் சேற்றுப் பாடு. வலையைப் போட்டால் நண்டுக் குஞ்சும் பாசியும்தான் வரும். வயிறு எரிந்துகொண்டு நின்றேன். தலைவர் கை கடைசிக் கை. நீ எடுத்தாய், பிரித்தாய், முகத்துவாரத்தில் முதல் முறை! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். 'எல்லாரும் எட்த்த பின்னாடி நல்லது மட்டும் எப்டிய்யா மிஞ்சும்? உள்ளங்கையில சீட்டு ஒளிச்சு வச்சிருந்தான்யா இவன்!' என்று கத்தினேன். கூட்டம் அப்படியே இரண்டாகப் பிளந்தது. நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். அந்தச் சீட்டை அம்மன் படியில் வைத்தாய். 'மறுபடி போடுங்க. இனிமே தலைவர் நான் இல்ல'ன்னு சொல்லிவிட்டு மறு சீட்டுக்கு நிற்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டாய். ஒரு தடவை உன் கையால் எடுத்துவிட்டதால் அந்த வருஷம் தவறியதாகக் கணக்கில்லை. அந்த மாசமே காந்தாவையும் கூட்டிக்கொண்டு, போட்டு வேலைக்கு என்று மேற்குக் கரை மால்பேக்கு ரயில் ஏறினாய்.

பெருமாள், அன்றைக்குச் சீட்டை எண்ணிக் குடத்தில் போட்டது யார்? நான்தான். தலைவர் எழுதுவார், இன்னொருவன் எண்ணிப் போட்டுத் துணி கட்டுவான். எண்ணியவன் யார் என்று ஊருக்குச் சொல்லக்கூடாது, யாரும் அவனைப் பிடித்து அழுத்தக்கூடாது என்பதற்காக. கருவறைப் பக்கம் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். ஐம்பத்திரண்டு சீட்டு, இரண்டு தடவை எண்ணினேன், துணியை நானே கட்டினேன். அதற்கப்புறம் உன் கை அந்தக் குடத்துக்குள் போனது கடைசியாக ஒரே ஒரு தடவை. எல்லார் முன்னாலும் நான் கத்தியபோது, கத்துகிற அந்த நிமிஷத்திலேயே, அது பொய் என்று எனக்குத் தெரியும்.

'எண்ணிப் போட்டவனே நீதானேடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. வழக்கத்தைக் காப்பாற்றினாய், என்னையும் காப்பாற்றினாய், உன்னை விட்டுவிட்டாய். உன்னை மாதிரி ஒருத்தனோடு ஒரே பெஞ்சில் எட்டாவது வரைக்கும் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

நீ போன பிறகு ஊர் என்னைத் தலைவராக்கியது. ரொம்பக் கத்துகிறவன் ரொம்பத் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார்கள் போல. மைக் செட் வாங்கினேன், வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். காலையில் எழுந்ததும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குரல் பதிவு. ஒருத்தரும் கேட்பதில்லையாம், கஸ்தூரிதான் சொன்னாள். போன வருஷம் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் நம் எல்லைக் கழிக்கு அந்தண்டை இருக்கவேண்டிய வலையை இந்தண்டை நட்டுவிட்டார்கள். படகில் நின்றுகொண்டே கத்தினேன். சட்டை கிழிந்து வீடு வந்தேன், வலை அங்கேயே இருந்தது. நீ இதே தகராறுக்குப் போனது ஞாபகம் வந்தது. அவர்கள் மணலில் உட்கார்ந்து, டீ குடித்து, போன சீசனில் அவர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று முழுசாகக் கேட்டாய். சாயங்காலம் அவர்களே கழியைப் பிடுங்கி நகர்த்தினார்கள். மறுநாள் நானும் போய் உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. இரண்டாவது டீயில் அவர்கள் பெரியவர் தானாகவே, 'எட்த்துடறோம்பா, நீ கத்தாம இருக்கறதப் பார்த்தா பயமா கீது'ன்னார். சிரிக்காதே, நிஜம்.

அப்புறம் போன ஆடியில் சீட்டு. தலைவர் என்பதால் என் கை கடைசிக் கை. குடத்தில் கையை விட்டேன், எடுத்தேன், பிரித்தேன். முகத்துவாரத்தில் முதல் முறை. காசியம்மாள்தான் பெண்கள் பக்கத்திலிருந்து, 'இன்னா தலைவரே, உள்ளங்கையக் காட்டு பாப்போம்!' என்றாள். ஊரே கொல்லென்று சிரித்தது. நானும் கையை விரித்துக் காட்டிச் சிரித்தேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் சிரித்துவிட்டேன். அந்த சீசன் முழுக்க இறால் வாரிக்கொண்டு வந்தது, ஒரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுப்பன் ஒருநாள் என்னிடம் வந்து ஒன்று சொன்னான். நீ கையை விரித்து நின்ற நேரத்தில் அவனும் உங்கள் சொந்தக்காரப் பையன்கள் எட்டுப் பேரும் கோயில் ஓரத்தில் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டார்களாம். 'அண்ணன் ஒரு பார்வை பார்த்துச்சு. அவ்ளோதான், துடுப்ப கீழ போட்டுட்டோம். அண்ணன் வாயத் தொறந்து நான் திருடல்லன்னு சொல்லியிருந்தா உன் தல இருந்திருக்காது'ன்னான். அப்போதுதான் நீ ஏன் பேசவில்லை என்று முழுசாகப் புரிந்தது. உன் பேரா, ஊரில் ரத்தம் சிந்தாமல் இருப்பதா என்று வந்தபோது உன் பேரைப் படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நானாக இருந்தால் தொண்டை கிழியக் கத்தி நான் யோக்கியன் என்று நிரூபித்திருப்பேன். நாலு மண்டை உடைந்திருக்கும்.

தலைவன் என்றால் முன்னால் நிற்கிறவன் என்று நினைத்திருந்தேன். உன்னை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாரும் எடுத்து முடிக்கிற வரைக்கும் பொறுத்து நின்று, மிஞ்சியதை முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்கிறவனாகத்தான் பதினொரு வருஷமும் இருந்தாய். நான் சொல்வது அந்தச் சீட்டை மட்டும் இல்லை. வசவு மிஞ்சினாலும் நீதான் வாங்கிக்கொண்டாய். எனக்கு அது இயல்பாக வராது. நான் அவசரக்காரன், பொறாமைக்காரன், என் புத்தி எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். கத்தலாம் என்று வாய் திறக்கும்போது, பெருமாள் இங்கே இருந்தால் என்ன செய்வான் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்தில் மூன்று தடவை வாய் மூடுகிறது. கஸ்தூரி இரண்டு என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, உன் பெயர் வாசித்து எல்லாரும் என் முகத்தைப் பார்த்தபோது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எண்ணிப் போட்டவன் நான், பெருமாள் கையில் ஒன்றும் இல்லை, தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்றேன். மைக் இல்லாமல்தான் சொன்னேன். எண்ணியவன் பெயரை வெளியே சொன்னதும் வழக்கத்துக்கு விரோதம்தானே, இரண்டுக்கும் சேர்த்து என்ன தண்டனையோ கொடுங்கள், தலைவராகவும் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். சுப்பன் எழுந்து வெளியே போய்விட்டான், அவன் அழுததை நான் பார்த்தேன். காசியம்மாள்தான் தீர்ப்பு சொன்னாள். 'கூழ் ஊத்தி முடிஞ்சதும் அத்தினி அண்டாவையும் இவனே கழுவட்டும். சீட்டு முடியற வரிக்கும் குடத்துகிட்ட இவனே நிக்கட்டும். பெருமாள் வந்து இவன் மூஞ்சியப் பார்க்கணும், ஓடிப்போக வுட்டா எப்படி?' என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். ஆக, அது வரைக்கும் நான்தான் தலைவர். அப்புறம் யார் என்பது ஊர் பாடு.

தடைக்காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, ஒன்றாம் தேதி உங்கள் போட்டெல்லாம் கடலுக்குக் கிளம்பிவிடும் என்று ஷுக்கூர் பாய் சொன்னார். ஏறினால் பத்துப் பன்னிரண்டு நாள் திரும்ப மாட்டாயாம். அதனால் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். தயவுசெய்து இந்த ஒரு தடவை போட்டில் ஏறாதே. பொன்னேரிக்குச் சுப்பன் வருவான். நான் வந்தால் பிளாட்பாரத்திலிருந்தே நீ திரும்பிப் போனாலும் போவாய்.

வந்து என்னோடு பேசவேண்டாம். திட்டவேண்டும் என்றால் திட்டு, நான் வாயைத் திறக்கமாட்டேன். மறுபடி தலைவராக இரு என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. உன் கை மட்டும் வேண்டும். திங்கட்கிழமை ஐம்பது பேர் எடுத்து முடித்த பிறகு குடத்தில் இரண்டு சீட்டு இருக்கும். வெயில் சாய்கிற வரைக்கும் வரலாம் என்பது பழைய வழக்கம்தான், உனக்காக நான் போட்டதில்லை. அது வரைக்கும் குடத்தைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நீ முதலில் எடு. மிஞ்சுவது சேற்றுப் பாடானாலும் சரி, அது எனக்கு.

உனக்கும் காந்தாவுக்கும் அம்மன் துணையிருக்கட்டும். வழிச் செலவுக்கு யோசிக்காமல், ராகுகாலம் எமகண்டம் பார்க்காமல் கிளம்பி வா.

இப்படிக்கு,
அன்றைக்குச் சீட்டை எண்ணிப் போட்ட,
தேசப்பன்.