தறிக்கு முன்னால் கழற்றிய செருப்பு

அக்கா,

மழை தொடங்கினால் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நேற்றுக் காலை தைலம் தேடி மருந்துப் பையைக் கவிழ்த்தபோது, அடியில் அந்தக் குட்டிப் பச்சைக் குழல் கிடந்தது. பேங்காக்கிலிருந்து ஊருக்கெல்லாம் கொடுக்க என்று நீங்கள் அள்ளிக்கொண்டு வந்தீர்களே, மூக்கில் வைத்து உறிஞ்சுகிற குழல், அதில் ஒன்று. மூடியைத் திருகி முகர்ந்தேன். கற்பூரமும் ஏதோ இலையும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. மூக்கு திறந்ததோ இல்லையோ, கண் நிறைந்துவிட்டது. "இன்னாமா, அழுவறியா, சளியா?" என்று கேட்டிருப்பீர்கள். இரண்டும்தான் அக்கா.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் நாம். நீங்கள் பெரியவருக்கு, நான் சின்னவருக்கு. குழம்பில் உப்பு போட்டது யார் என்பதில் தொடங்கி நமக்குள் வராத சண்டை கிடையாது. பெரியவர் போன பிறகுதான் நீங்கள் சண்டை போடுவதையே விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. உங்கள் மகன் காரில் உட்கார வைத்தால் வேலூர் ஆஸ்பத்திரி, இறக்கிவிட்டால் வீடு. அதற்கு மேல் உங்களுக்கு ஊர் இல்லை என்று ஆகிப்போனது.

அப்போதுதான் அந்த டிக்கெட் வந்தது. உங்கள் மகனின் பட்டுக்கடைக்கு நூல் கொடுக்கிற வியாபாரி, அந்த வருஷம் அதிகம் வாங்கிய கடைக்காரர்களை எல்லாம் பேங்காக்குக்கு அனுப்பினார். கடைக்கு இரண்டு பேர். கல்யாண சீசனில் கடையை விட்டு எப்படிப் போவது என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, கீரை ஆய்ந்துகொண்டிருந்த நீங்கள் நிமிராமலே, "நான் போறன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

"இந்த ஒரு தபா போய்ட்டு வாம்மா. எங்கனா தொலஞ்சிகிலஞ்சி போய்ட்டன்னு போன் வந்துது, அப்புறம் வெளியூர் பேச்சே எடுக்கக் கூடாது" என்றான் மகன். துணைக்குப் போகிற என் பக்கம் திரும்பி, "சின்னம்மா, அம்மா கைய வுடாதீங்க" என்றான். மாடியில் துணி உலர்த்தும்போது நீங்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "இது நல்லபடியா முடிஞ்சா அடுத்து மலேசியா, அப்புறம் காசி, அப்புறம் எங்க வேணா போலாம். இது கெட்டுச்சுன்னா வூட்லயே கெடக்க வேண்டிதுதான்." அந்தப் பயணத்தில் உங்களுக்கு எவ்வளவு அடங்கியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பேங்காக்கில் இறங்கியதிலிருந்து உங்கள் வாய் மூடவே இல்லை. சாலைக்கு மேல் சாலை, அதற்கும் மேலே ரயில், அதையும் தாண்டி மேகத்தைத் தொடுகிற கட்டடங்கள். "யாரும்மா இதெல்லாம் கட்னது? மனுசங்கதானா?" என்று கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தீர்கள். படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கப் போனோம். தலைமாட்டிலிருந்து நடக்க நடக்க அவர் முடியவே இல்லை. முத்துச்சிப்பி பதித்த பாதங்களுக்கு முன்னால் வந்ததும் நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டபடி அசையாமல் நின்றீர்கள். பின்னால் வந்த கூட்டமெல்லாம் உங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நான் இழுத்தும் நகரவில்லை.

சாப்பாடுதான் உங்களுக்குப் பேஜாராக இருந்தது. நம்மோடு வந்த கடைக்காரர்களுக்காக டூர் மேனேஜர் வேளாவேளைக்கு சப்பாத்தியும் பன்னீரும் ஏற்பாடு செய்திருந்தார். "இத்த துன்றதுக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டு போதாதா?" என்று என் காதில் முணுமுணுத்தீர்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தப் பெரிய மாலில் இறக்கிவிட்டார்கள். நாலு மணிக்கு வாசலில் பஸ், யாரும் பிந்தக் கூடாது என்றார் மேனேஜர். நான் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை பார்க்கலாம் என்றேன். நீங்கள் அதற்குள் நகரும் படிக்கட்டில் ஏறிவிட்டிருந்தீர்கள். முதல் நாள் அதைப் பார்த்துப் பயந்து என் கையைப் பிறாண்டியவரா இவர் என்று நினைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன். ஏதோ ஒரு மாடியில் சட்டென்று நின்றீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டுத் துணிக் கடை. நடுவில், வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஒரு தறி. அதில் நம் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

யோசிக்கவே இல்லை நீங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பளபளக்கும் அந்தத் தரையில், செருப்பைக் கழற்றி ஜோடியாக ஒதுக்கி வைத்தீர்கள்.

"அக்கா, இது கடை. எல்லாரும் செருப்போடதான் போறாங்க பாருங்க."

"தறி இருக்குதில்ல? தறிகிட்ட செருப்போட போவியா நீ?"

நம் வீட்டில் தறிக்குழிப் பக்கம் செருப்போடு போன மாப்பிள்ளையைக்கூட மாமியார் விட்டதில்லை. நானும் கழற்றிவிட்டேன்.

உள்ளே அந்தப் பெண் முதலில் பார்த்தது நம் முகத்தை அல்ல, காலை. பிறகு தன் காலைக் காட்டினாள். மிதிக்கட்டையின் மேல் அவளும் வெறுங்காலோடுதான் இருந்தாள். அவ்வளவுதான், உங்கள் இருவருக்கும் வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. நீங்கள் தமிழில் பேச, அவள் தாய்லாந்து மொழியில் பேச, இரண்டு பேரும் சிரித்தீர்கள். அவள் நூல் ஓட்டும் நாடாவைக் கையாலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுவதைப் பார்த்து, "நம்புள்து கயித்த இழுத்தா தானா ஓடும், தெரியுமா?" என்று காற்றில் கயிறு இழுத்துக் காட்டினீர்கள். அவள் எழுந்து தன் இடத்தை உங்களுக்குக் கொடுத்தாள். நீங்கள் அந்தத் தறியில் உட்கார்ந்து கொஞ்சம் நெய்தீர்கள். பெரியவர் போனதிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை அக்கா.

வெளியே வந்தபோது வேறு கதவு வழியாக வந்துவிட்டோம். செருப்பு இல்லை. அந்த மாலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி கண்ணாடி, ஒரே மாதிரி விளக்கு. வெறுங்காலோடு இரண்டு பட்டுப்புடவைக்காரிகள் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அந்தக் கதவைக் கண்டுபிடித்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட காவலர் ஒருவர் நம் செருப்புகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். யாரும் மிதித்துவிடாமல், யாரும் எடுத்துவிடாமல், அவ்வளவு நேரமாக! நம்மைக் கண்டதும் கைகூப்பினார். அவ்வளவு பெரிய ஊரில், நம் பழைய செருப்புக்குக் காவல் நின்ற ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

வாசலுக்கு ஓடினோம். பஸ் போய்விட்டது. என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. உங்கள் போனை நீங்கள் அறையிலேயே விட்டு வந்திருந்தீர்கள்.

"முடிஞ்சுது. மேனேஜர் இந்நேரம் ஆரணிக்குப் போன் போட்டிருப்பார்" என்றேன். உங்கள் முகம் ஒரு நிமிஷம் சுண்டிப்போனது. மலேசியா, காசி எல்லாம் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கரைந்து போனது எனக்குத் தெரிந்தது. டாக்சியைக் கைகாட்டினேன். நீங்கள் என் கையை இறக்கிவிட்டீர்கள்.

"போன் எப்டியும் ஊருக்குப் பூட்டுது. திட்டு எப்டியும் வாங்கப் போறம். அப்ப ரயில்ல போலாம் வா. மேல போவுதே, அதுல."

ஓட்டல் பெயர் போட்ட அறைச் சாவி அட்டையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டினீர்கள். ஒரு பையன் நிலையத்தைக் காட்டினான், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் டிக்கெட் கொடுத்தாள். ரயில் ஊருக்கு மேலே மிதந்தது. கீழே வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றீர்கள். பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற அம்மாள் அட்டையைப் பார்த்துத் தலையாட்டி, நம்மோடு இறங்கி, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கால்வாய்க்கரைக்கு அழைத்துப் போனாள். அங்கே படகுதான் பஸ்! அது வருவதற்குள் கரையோரத் தள்ளுவண்டியில் மாம்பழமும் ஒட்டிக்கொள்ளும் சோறும் வாங்கினாள் அவள். மேலே தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்தார்கள். "சோத்துக்கு மாம்பழமா?" என்று முகம் சுளித்தீர்கள். ஒரு வாய் வைத்ததும் பேச்சு நின்றது. என் பங்கிலும் கை வைத்தீர்கள், மறுக்க முடியுமா உங்களால்?

படகு வேகமெடுத்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளே தெறிக்கும். அதற்காகப் பக்கவாட்டில் தார்ப்பாய், அதைத் தூக்கக் கயிறு. ஓரத்தில் உட்கார்ந்தவர்கள்தான் இழுக்க வேண்டும். உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எதிரே படகு வந்தால் சுண்டி இழுப்பீர்கள், போனால் விடுவீர்கள். படகின் விளிம்பில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்தபடியே டிக்கெட் கொடுத்த பெண் உங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். வீடுகளின் பின்வாசல்கள், காயும் துணிகள், சட்டிகளில் பூச்செடிகள், தூரத்தில் வெயில் பட்டுக் குன்றின் மேல் மின்னும் தங்கக் கோபுரம். நாம் அதுவரை பஸ் ஜன்னலில் பார்த்த ஊர் வேறு, இது வேறு. எனக்குப் பயம் எப்போது விட்டது என்று தெரியவில்லை.

ஓட்டலில் மேனேஜர் நம்மைப் பார்த்ததும் உட்கார்ந்தே விட்டார். கையிலிருந்த போனில் உங்கள் மகன் கத்துவது எனக்கே கேட்டது. நீங்கள் வாங்கிக் காதில் வைத்தீர்கள்.

"காணாம பூட்டியாமே? எத்தினி தபா சொன்னன்!"

"யாருடா காணாம போனது? பாத்துகினு இருந்தன்டா. இத்தினி வருசம் பாக்காததெல்லாம் பாத்துகினு இருந்தன்."

ஊருக்கு வந்ததும் அவன் சொன்னபடியே செய்தான். உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினான். நீங்கள் சண்டை போடவில்லை. மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய்வந்தீர்கள். அடுத்த வாரம் வேலூர் கோட்டை. அப்புறம் சென்னையில் மெட்ரோ ரயில், என்னையும் இழுத்துக்கொண்டு. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, வழியில் என்ன தின்றோம் என்பது முதற்கொண்டு மகனுக்கு வரி விடாமல் சொல்வீர்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவன், பிறகு கடையைச் சாத்திவிட்டுக் கதை கேட்க வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் தானாகவே பாஸ்போர்ட்டை எடுத்து உங்கள் மடியில் வைத்தான். மலேசியாவுக்கு என்று புதுப்பை வாங்கினீர்கள். அதற்குள் அந்த நெஞ்சுவலி. நாலு நாள்கூட ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை, போய்விட்டீர்கள். அதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை அக்கா.

போன வாரம் உங்கள் மகன் வந்தான். நூல் வியாபாரி மறுபடியும் டிக்கெட் கொடுத்திருக்கிறாராம், அதே ஊருக்கு. யாருக்காவது கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "கடைய மூடிட்டு நானே போறன் சின்னம்மா. நீங்களும் வாங்க. அந்தக் கூட்டத்தோட பஸ்ல வேணாம். அன்னிக்கு அம்மா ரயில்லயும் படகுலயும் போன மாதிரியே என்னையும் கூட்டிகினு போங்க" என்றான். அவன் அழுகிறான் என்பது குரலில்தான் தெரிந்தது.

போவோம் என்றேன்.

"வழி ஞாபகம் இருக்குதா உங்குளுக்கு?"

"இல்லடா. அன்னிக்கு உங்கம்மாவுக்கும் தெரியாது. வா" என்றேன்.