ஓலைச் சீட்டில் வெட்டிய ரோஜா

மச்சான்,

தென்னாற்காடு ஜில்லாவை இரண்டாகப் பிரித்து விழுப்புரத்தைத் தனி ஜில்லா ஆக்கினார்களே, அதற்கு அடுத்த மாசி அது. மனு கொடுக்க இனிமேல் கடலூர் வரைக்கும் போக வேண்டாம் என்று மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிற நாங்கள்கூடப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவனும் அதுவரை யாருக்கும் மனு கொடுத்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வருஷம் நம்பராக மனதில் நிற்காது. அந்த வருஷம் வேறு என்ன நடந்ததோ அதை வைத்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நேற்றுக் காலை எதிர்ச் சுவரில் காதணி விழா போஸ்டர் ஒட்ட இரண்டு பேர் வந்தார்கள். வாளியில் மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சியது. அந்த வாடை வந்ததும் திண்டிவனத்தில் உன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நாம் உட்கார்ந்திருந்த இடம் ஞாபகத்துக்கு வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் நிறுத்தி, இதையும் எழுத வேண்டுமா என்று கேட்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

நம் வீடுகளில் கல்யாணத்துக்குக் கடையில் பரிசு வாங்கும் பழக்கம் கிடையாது. வாங்க முடியாது என்பதுதான் முதல் காரணம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நீ வேலை செய்த பைண்டிங் கடையில் வெட்டி விழும் காகிதத்தைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவாய். பழைய காலண்டர், நோட்டு அட்டை, சேலைப் பெட்டி, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு, துடைப்பத்து ஈர்க்குச்சி, இவைதான் நம் சரக்கு. வெட்டுவது நான். மெழுகு உன் பொறுப்பு. டப்பாவில் மெழுகைப் போட்டு, டப்பாவை வெந்நீரில் நிறுத்தி உருக்குவாய். பூவைத் தலைகீழாக ஒரு முக்கு முக்கி எடுத்தால் இதழ் மினுமினுவென்று நிற்கும், மழை பட்டாலும் கரையாது. "கொதிக்க விடக் கூடாது மாப்ள. மாமியா மாதிரி சும்மா முனகிக்கினு இருக்கணும்" என்பாய். உன் தங்கச்சி, என் பெண்டாட்டி லூர்து உள்ளேயிருந்து, யார் மாமியாரைச் சொல்கிறாய் என்று கேட்பாள். உன் அம்மாதானே எனக்கு மாமியார். நீ வாயை மூடிக்கொள்வாய்.

உன் மகள் பிலோமினாவுக்கு விழுப்புரத்தில் சம்பந்தம் அமைந்தது. தாயில்லாமல் நீ ஒருத்தனாக வளர்த்த பெண். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை, லீவு முடிய ஒன்றரை மாசம்தான் பாக்கி. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள். அதனால் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா செபஸ்தியம்மாளுக்கு இந்தச் சம்பந்தத்தில் அவ்வளவு இஷ்டமில்லை. பையன் பிடிவாதம் பிடித்ததால் வாயடைத்திருந்தார். இந்தத் திங்கட்கிழமை தவறினால் பையன் ஏறிப் போய்விடுவான், அப்புறம் இந்தப் பேச்சே இருக்காது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோயிலில் மாப்பிள்ளையோடு நிற்கும்போது பெண் கையில் ஒரு பூச்செண்டு பிடித்திருக்க வேண்டும். பிலோமினா என்னிடம்தான் கேட்டாள். கடைப் பூ வேண்டாம், மாமா செய்கிற பூதான் வேண்டும் என்றாள். பதினோரு ரோஜா வெட்டிவிட்டேன். நடுவில் வைக்க ஒரு பெரிய வெள்ளை ரோஜா வேண்டியிருந்தது. என் வீட்டில் இருந்தது எல்லாம் கோடு போட்ட மெல்லிசுக் காகிதம். மெழுகில் முக்கினால் துவண்டுவிடும். வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். பத்திரிகை வைக்க நீ மரக்காணம் போயிருந்தாய். சாக்கைக் கொட்டிப் பார்த்தேன், தேறவில்லை. பக்கத்தில் நீ கடிதமெல்லாம் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தேன். நீளமான பழுப்பு உறைக்குள் ஒரு வெள்ளைக் காகிதம், விரலில் சுண்டினால் சத்தம் வருகிற தடிப்பு. ஒரு பக்கம் எழுத்து, கீழே ஊதா முத்திரை. மறுபக்கம் சுத்த வெள்ளை. எழுத்தை உள்பக்கமாகத் திருப்பி மடக்கினால் வெளியே தெரியாது என்று பார்த்தேன். உறை எனக்குப் பயன்படாது. அதை மட்டும் இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

சாக்கில் இருப்பது எதையும் வெட்டலாம் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். டப்பாவைப் பற்றி நீ ஒன்றும் சொன்னதில்லை. சாக்கு வேறு, டப்பா வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் வெட்டிய காகிதம் அத்தனையிலும் எழுத்து இருந்தது. எது செத்த எழுத்து, எது உயிருள்ள எழுத்து என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். இரண்டு நாள் பொறுத்திருந்தால் நீயே வந்திருப்பாய்.

சனிக்கிழமை நீதான் அந்த ரோஜாவையும் மெழுகில் முக்கினாய். உள்பக்கம் நீயும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விழுப்புரம் கோயிலில் எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று. பூசைக்கு முன்னால் அந்த ஊர் சாமியார் நம்மைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். நீ, நான், செபஸ்தியம்மாள், சாமியாருக்குக் கூடமாட வேலை செய்யும் கோயில்பிள்ளை. மூன்று ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கோயிலில் ஓலை வாசித்தார்களே, இந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. வாசித்தாயிற்று, தடை இல்லை என்று நம் ஊர் சாமியார் எழுதிக் கொடுக்கும் சீட்டு இல்லாமல் இன்னொரு கோயிலில் தாலி எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். நீ பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாய். அவர் விரித்துப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லையே."

உறையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பையைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாய். நம் ஊர் சாமியாரைக் கேட்கலாம் என்றால், அவர் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வருஷத் தியானத்துக்குப் போயிருந்தார், எந்த ஊர் என்றும் நமக்குத் தெரியாது. எழுத்து இல்லாமல் முடியாது, ஈஸ்டருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் சாமியார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். செபஸ்தியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். "அதுக்குள்ள என் பிள்ளை ஊருக்குப் போயிடுவான் சாமி. அப்பறம் இன்னா கல்யாணம்" என்றார்.

நான் உன் காதருகே சொன்னேன். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். போய்ப் பூச்செண்டை வாங்கி வா என்றாய். அவ்வளவுதான்.

பிலோமினா கேள்வி கேட்காமல் கொடுத்தாள். நடு ரோஜாவை மட்டும் உருவிக்கொண்டு, செண்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கோயில்பிள்ளை குண்டானில் வெந்நீர் கொண்டுவந்தார். ஆவியில் பிடித்தால் மெழுகு இளகும், பசை விடும். ஒவ்வொரு இதழாகக் கழற்றினேன். சீக்கிரம், சீக்கிரம் என்று கோயில்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஜல்தியாகச் செய்தால் கிழியும் என்றேன். இருபத்துமூன்று இதழ். எழுத்துப் பக்கம் மேலே வரும்படி மேசையில் பரப்பியபோது, ஆள் கலைந்த சந்தை மாதிரி இருந்திருக்கும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. நீ இரண்டை எடுத்துச் சேர்த்துப் பார்த்தாய், சேரவில்லை. 

"தள்ளு மச்சான்" என்றேன்.

எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் வெட்டினவன் நான். எப்போதும் இடது மூலையில் ஆரம்பித்துச் சின்ன இதழாக வெட்டிக்கொண்டே போவேன், கீழே வர வரப் பெரிசு. கத்திரி எங்கே வளைந்தது, எங்கே நழுவியது என்று கை மறக்கவில்லை. வளைவுக்கு வளைவு வைத்தேன். நடுநடுவே வெட்டிப் போட்ட சந்து, வெறும் மேசை தெரிந்தது. கடைசி மூன்று பெரிய இதழில் ஊதா முத்திரை வட்டமாகக் கூடியது. மெழுகு ஏறியதால் மை கலங்கவில்லை. நீ படித்தாய். பிலோமினா பேர் அரை, மாப்பிள்ளை பேர் முழுசு, மூன்று ஞாயிறு, தடை ஏதும் இல்லை. சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து இருந்த இதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அவர் கையெழுத்துதான். நானும் அவரும் ஒண்ணாப் படிச்சவங்க. போதும்." பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார். "யார் பண்ண வேலை இது?"

நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"நான்தான் சாமி. பழைய காகிதம்னு நெனச்சி நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவரு வெட்டினாரு, அவரு மேல தப்பில்ல."

"எட்டாவது படிச்சவருன்னு சொன்னாங்க" என்றார் செபஸ்தியம்மாள். "இன்னா எழுதியிருக்குதுன்னுகூடவா பாக்க மாட்டாரு மனுஷன்?"

நீ தலையாட்டினாய். நானும் நின்றுகொண்டிருந்தேன். கோயில் நோட்டுக்கு வேண்டும் என்று அந்த இதழ்களை ஒரு தாளில் ஒட்டிக் கொடுக்கச் சொன்னார் சாமியார். ஒட்டிக் கொடுத்தேன். பிலோமினா செண்டின் நடுவிலிருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு தாலி கட்டிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "உன் பேரைச் சொல்லியிருந்தா, படிக்காத கூட்டத்துல பொண்ணு எடுத்தோம்னு அந்தப் பொண்ணை ஆயுசுக்கும் சொல்லிக்கினே இருப்பாங்க மாப்ள. என்னைன்னா ரெண்டு நாள் சிரிச்சிட்டு விட்டுடுவாங்க."

கணக்கு உனக்குத் தப்பியது. அவர்கள் விடவில்லை. பேரப் பிள்ளை ஞானஸ்நானத்தில் சாமியார் உன் கையில் கொடுத்த சீட்டை, எல்லோர் முன்னாலும் உன் விரலிலிருந்து உருவிக்கொண்டார் செபஸ்தியம்மாள். இவர் பூ வெட்டிவிடுவார் என்றார். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்த வீட்டில் மனைப் பத்திரம் பார்க்க, பள்ளிக்கூட விண்ணப்பம் நிரப்ப, எதற்கும் உன்னைக் கூப்பிட்டதில்லை. நம் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் உன்னிடம்தான் வருவார்கள். விழுப்புரத்தில் உன் கையில் பத்திரிகையைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் நானும் உன்னோடு போனேன். பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சொல்லாதே என்று நீ சொன்னதுமில்லை. வசதியாக இருந்தது, இருந்துவிட்டேன். மருமகள் இங்கே பேனாவை நிறுத்தினாள். இதையும்தான் எழுதச் சொன்னேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து, பிலோமினாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும் மாமா. அன்னிக்கி அப்பா மரக்காணம் போயிருந்தாரு. நீங்க டப்பா தொறந்தப்ப நான் உள்ளதான் இருந்தேன். துணி மடிச்சிக்கினு இருந்தேன், இன்னா காகிதம்னு கவனிக்கல."

"அப்பறம் ஏம்மா இவ்ளோ வருஷம் நீயும் சொல்லல?"

"அப்பா ஒண்ணு சொல்லிட்டாரு. அதை நான் இல்லன்னு சொன்னா அவரு பொய் சொன்னதா ஆயிடும்ல? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பிறகு, இதைத் தன்னிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை, இன்னமும் அந்தக் கதையைச் சொல்கிற ஆளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள். நீ செத்த வீட்டுக்கு வந்த ஜனத்திடமும் அந்தக் கதை சொல்லப்பட்டதாம். பாவம், நல்ல மனுஷன், காகிதம் மட்டும் பார்க்கத் தெரியாது என்று.

போகிறேன் போகிறேன் என்று பத்து மாசம் ஓட்டிவிட்டேன். முட்டி வலி என்றேன், மழை என்றேன். நேற்றுப் பசை வாடைக்குப் பிறகு உட்கார்ந்து விரல் விட்டுப் பார்த்தேன். அந்த அறையில் நாம் ஐந்து பேர். கோயில்பிள்ளை முதலில் போனார். சாமியாரை அடக்கம் செய்ததற்கு நாம் இருவருமே போயிருந்தோம். போன மாசியில் நீ. உன் பேரை அந்த வீட்டில் நேராக்கி வைக்க, பார்த்தவர்கள் என்று எனக்கு இனிமேல் பெரிய கூட்டம் இல்லை. நாளைக் காலை பஸ்ஸுக்கு மருமகளும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். தொண்ணூறு தாண்டிவிட்டது, காது மந்தம், உரக்கச் சொல்ல வேண்டும் என்று பிலோமினா சொல்லி அனுப்பினாள். வீடு கேட்க உரக்கத்தான் சொல்லப்போகிறேன். என்னை விட்டால் மீதி உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான் மச்சான், உன் சம்பந்தி செபஸ்தியம்மாள்.