ஆறாவது வரியில் கிழட்டுசைக்கிள்

பிப்ரவரி 4

என் அன்புள்ள பிழைதிருத்திக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். போனில் பேசினால் ஒருவர் மூச்சுவிடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கடிதமே போதும் என்று நீ சொன்னது சரிதான்.

நம் பையன் சதா விழுந்து கிடந்த இணையத்துச் சைக்கிள் மன்றத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். எனக்குப் பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாது. அவன் உட்கார்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாமே என்றுதான் போனேன். அங்கே நல்ல பதில் சொன்னால் ஒரு பேட்ஜ், நூறு நாள் விடாமல் வந்தால் ஒரு பேட்ஜ் என்று கொடுக்கிறார்கள். ஆனால் எந்த பேட்ஜ் யாரிடம் இருக்கிறது என்று தேட வழியில்லை. விஷயம் தெரிந்த ஆளைப் பிடிக்க ஒவ்வொருவர் பக்கமாக ஏறி இறங்க வேண்டும். கை சும்மா இருக்குமா? அதற்கு ஒரு மென்பொருள் எழுதினேன். பேட்ஜைத் தேர்ந்தெடுத்தால், அதை வாங்கியவர்கள் எல்லாரும் தேதியோடு பட்டியலாக வந்து நிற்பார்கள்.

சோதித்துப் பார்க்க 'ஓராண்டு விடாதவர்' பேட்ஜைத் தேர்ந்தெடுத்தேன். 365 நாள், ஒரு நாள்கூடத் தவறாமல் உள்ளே வந்தவர்களுக்கு உரியது. மொத்தமே ஏழு பேர். ஆறாவது வரியில் 'கிழட்டுசைக்கிள்'. பதினைந்து வயதில் நம் பையன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பேட்ஜ் கிடைத்த தேதி டிசம்பர் 11. அவன் நம்மை விட்டுப் போனது ஆகஸ்ட் 9.

மூன்று முறை சரிபார்த்தேன். நிரலில் தப்பில்லை. யாரோ அவன் கணக்கைத் திருடி, அவன் பெயரில் தினமும் உள்ளே போய் வருகிறார்கள். அவன் போனை யாரிடமாவது கொடுத்தாயா? நிர்வாகிகளிடம் சொல்லிக் கணக்கை மூடிவிடலாம் என்றிருக்கிறேன். கோபம்கூட வரவில்லை, எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. உன் பதில் வந்ததும் செய்கிறேன்.

இன்னும் உன் வீட்டுக்காரன்தான்.


பிப்ரவரி 12

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு இடத்தில் ஒற்றெழுத்தை விழுங்கியிருக்கிறீர்கள், சிவப்பு மையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அச்சகத்தில் பாடப்புத்தக வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. "லீவே எடுக்க மாட்டீங்களாம்மா?" என்று முதலாளியே கேட்கிறார். எடுத்து என்ன செய்வது? சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அடியில் பாத்திரம் வைத்திருக்கிறேன். காலிங் பெல் கெட்டுவிட்டது. யாரும் வருவதில்லை, அதனால் அவசரமில்லை.

போனை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த விஷயத்தைக் கிளற வேண்டாமே. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது. ஹோட்டல் எண்ணெய் உங்கள் வயிற்றுக்கு ஆகாது, பார்த்துச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 19

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

நீ போனைக் கொடுக்கவில்லை என்றால், கடவுச்சொல்தான் திருடு போயிருக்கிறது. வேறு எப்படியும் நடக்க வாய்ப்பில்லை.

கிளற வேண்டாம் என்கிறாய். அவன் சைக்கிளையும் தொடாதே என்றாய். அவன் போன மூன்றாவது வாரமே அதை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டது என் தப்புதான். நீ பேச்சை நிறுத்தினாய், நான் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன். ஆனால் எவனோ ஒருவன் நம் பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொண்டு தினமும் உலாவுகிறான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நிர்வாகிகள் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நகலை இன்று அனுப்பிவிட்டேன், இரண்டு நாளில் மூடிவிடுவார்களாம்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. இதையாவது செய்தேன் என்று இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உள்ளே போய் வருவது திருடன் இல்லை, நான்தான்.

ஆஸ்பத்திரியில் அவனால் போனைப் பிடிக்க முடியாமல் போனபோது என்னிடம் கொடுத்தான். "அம்மா, இன்னிக்கு எனக்குப் பதிலா உள்ள போயிட்டு வந்துடு. ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுவாங்க" என்றான். "எவ்வளவு நாள்டா ஆச்சு?" என்றேன். "எரநூத்திச் சொச்சம். அப்பாகிட்ட சொல்லிடாத. படிக்காம இதைத்தான் பண்ணிட்டிருந்தியான்னு ஆரம்பிச்சுடுவாரு."

அவன் போன அன்று 241. மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து போனை எடுத்து உள்ளே போனேன். நிறுத்து என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போவேன், கொதிப்பதற்குள் வந்துவிடுவேன். ஒருநாள் ஒருவர் செயின் நழுவுகிறது என்று அவனைக் கேட்டிருந்தார். 'பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதினேன். அதற்கே நன்றி சொன்னார், பாவம்.

டிசம்பர் 11 அன்று அந்த பேட்ஜ் வந்தது. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போனேன். மறுநாளும் ஆறு மணிக்கு எழுந்தேன்.

அதை மூட வேண்டாங்க. உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 26

என் அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் 23ஆம் தேதி வந்தது. 21ஆம் தேதியே மூடிவிட்டார்கள்.

நிர்வாகிகளிடம் கெஞ்சினேன். இறந்தவர் என்று பதிந்த கணக்கை மறுபடி திறக்க முடியாதாம். அவன் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கும், யாரும் உள்ளே போக முடியாது. ஆகஸ்ட் 9க்குப் பிறகு வந்த நாட்களைத் தள்ளிவிட்டார்கள். அந்த பேட்ஜும் போயிற்று. பட்டியலில் இப்போது ஆறு பேர்.

'அப்பாகிட்ட சொல்லிடாத' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் சொன்னது சரிதான், ஆரம்பித்திருப்பேன்.

மன்றத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்ட என் மென்பொருளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். யார் தேடினாலும் ஆறாவதாக அவன் பெயர் வரும். இருபது வருட வேலையில் தெரிந்தே நான் எழுதிய பொய் இது ஒன்றுதான். அதைத் தவிர உனக்குத் தர என் கையில் ஒன்றும் இல்லை. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

21ஆம் தேதி காலை உள்ளே போனபோது 'இந்த உறுப்பினர் இப்போது நம்மிடையே இல்லை' என்று வந்தது. பழக்கதோஷம், இரண்டு முறை படித்தேன். அதில் பிழை இல்லை.

டீ குடித்தேன், அச்சகத்துக்குப் போனேன். உங்களைத் திட்டவில்லை. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். திட்டக்கூட உள்ளே ஒன்றும் இல்லாமல் பதினைந்து நாள் போயிற்று. ஆறு மணிக்கு விழிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

நேற்று உங்கள் மென்பொருளைத் திறந்து நூறு நாள் பேட்ஜைத் தேர்ந்தெடுத்தேன். நாலாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பெயரைப் போட்டுத் தேடலாம் என்று எனக்குத் தெரியாது. அச்சுப்படி பார்ப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்துக்கொண்டே போனேன். முப்பத்தெட்டாவது பக்கத்தில் இருந்தான். போன வருஷம் மார்ச் 21. செயினைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானே, அந்த வாரம். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தான். அந்த நூறு நாளும் அவனே போய் வந்தது. அதை யாரும் தள்ளவில்லை.

அப்போது அழுகை வந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் வந்தது.

நீங்கள் சேர்த்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த மிச்ச நாளெல்லாம் என்னுடையது, அவனுடையது இல்லை.

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம். அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வாங்க. பெல் இன்னும் சரிசெய்யவில்லை, கதவைத் தட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி