அன்றைக்குப் பாட்டு ஓடவில்லை

2025 ஜனவரி 19, ஞாயிறு

ஹட்டன் டவுனுக்குப் போய் வந்தோம். நான் மரக்கறி வாங்க, இவர் காருக்கு சப்வூஃபர் என்கிற அதிரும் ஸ்பீக்கர் பெட்டி பூட்ட. கத்தாரிலிருந்து வந்து இந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இதே புலம்பல்தான். காரோடு வந்த பாட்டு செட்டில் சத்தமே இல்லையாம். எனக்கும் மகள் லோஜினிக்கும் நன்றாகத்தான் கேட்கிறது. "பாட்டு எங்கயோ அடுத்த மலையில ஓடுற மாதிரி இருக்கு" என்கிறார்.

கடைக்காரர் கஸ்பர் செட்டை மாற்ற வேண்டாம் என்றார். பின் ஸ்பீக்கருக்குப் போகிற வயரிலிருந்தே பாட்டை இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தார். பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்று, நடுவில் ஒரு ஃபியூஸ். சீட்டுக்கு அடியில் சப்பையான கறுப்புப் பெட்டி. இவ்வளவுதான். போட்டதும் என் கால் பெருவிரல் வரைக்கும் அதிர்ந்தது.

"இன்னும் கூட்டுங்க" என்றார் இவர்.

"அண்ணே, கண்ணாடியே ஆடுது. மேல் கீச்சுச் சத்தத்தயும் கடைசி வரைக்கும் ஏத்தி வச்சிருக்கீங்க, காது கூசலயா?"

இவர் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. விமான நிலையத்தில் எங்களைப் பார்த்தபோதுகூட இப்படிச் சிரிக்கவில்லை.

ஜனவரி 27

ஹயர் இல்லாத நேரமெல்லாம் காருக்குள்தான் இருக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, டும் டும் என்று. லயத்து வரிசை வீடுகளின் தகரமெல்லாம் சேர்ந்து அதிருகிறது. பிள்ளைக்காம்பராவில் நான் தூங்கவைத்த குழந்தைகள் எழுந்துவிட்டன. தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால் பிள்ளைகளுக்கு நான்தானே பொறுப்பு. போய்ச் சொன்னேன். "ம்ம்" என்று தலையாட்டினார். சத்தம் குறையவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

லோஜினிக்குப் பேச்சுப் போட்டியில் முதலிடம். காரில் பின்னாலிருந்து ஆசை ஆசையாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். இவர் திரும்பவே இல்லை. ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, "நான் ஆம்பளப் புள்ளயா பொறந்திருந்தா கேட்டிருப்பாரு, இல்லம்மா?" என்றாள்.

வெளியே இவர் ஜீவராஜோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜீவராஜ் பக்கத்து லயம், ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் சொல்வதெல்லாம் கேட்கிறது. ஆம்பளை பேசினால் காது இருக்கிறது. பொம்பளை பேசினால் இல்லை. வெளிநாடு போனவனுக்கு நாங்கள் சலித்துப்போய்விட்டோமா?

பிப்ரவரி 22

எழுதக் கை வரவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் பின்னால் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துக் கேட்கிற தைரியம் இல்லை. தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அங்க ஒங்களுக்கு வேற யாராச்சும் இருக்காங்களா?"

"ஆமா, ஆமா. இருக்கு" என்றார்.

அவ்வளவு சாதாரணமாக! சீனி இருக்கா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி. கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பக் கேட்கவில்லை. பேர் என்ன, எந்த ஊர் — கேட்டால் அதையும் இப்படியே சொல்லிவிடுவாரே. அந்தப் பயம்.

பிப்ரவரி 25

பேசவில்லை. நான் பேசாதது அவருக்குத் தெரியவும் இல்லை.

மார்ச் 8, சனி

எங்கள் லயத்து நாகலெட்சுமி அக்காவை இவர் காரால் இடித்துவிட்டார்.

நோர்வூட் டவுனுக்குக் கிளம்பினோம். லயத்து வாசலில் திருப்ப இடமில்லை, பின்னால் எடுக்க வேண்டும். மூடுபனி வேறு. அக்கா தலையில் விறகுக்கட்டோடு பின்பக்கமாக வந்திருக்கிறார். "தம்பி! தம்பி! நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. கார் நிற்கவில்லை. நான் இவர் கையில் ஓங்கி அடித்த பிறகுதான் பிரேக் பிடித்தார். அதற்குள் விறகு சிதறுகிற சத்தம்.

ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. எங்கள் காரில்தான் கொண்டுபோனோம். வழியெல்லாம் அக்கா, "கத்துனேனே தம்பி, அவ்வளவு கத்துனேனே" என்று அழுதுகொண்டே வந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

தலைவர் வந்தார். தோட்டத்தில் எந்தப் பிரச்சினை என்றாலும் நல்லமுத்து தலைவர் முன்னால்தான் பேசுவார்கள். லயமே கூடிவிட்டது. ஆளுக்காள் அந்தப் பெட்டியைத்தான் சொன்னார்கள். "டமார் டமார்னு அதப் போட்டுக்கிட்டா பொம்பள கத்துனது எப்புடிக் கேக்கும்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "பாட்டு சத்தத்துல கேக்கலங்க தலைவரே. தப்பு என்னுதுதான். வைத்தியச் செலவெல்லாம் நானே பாக்குறேன். பெட்டியயும் கழட்டிர்றேன்" என்றார்.

நான் வீட்டு முன் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் — பாட்டு ஓடவில்லை. தலைவலி என்று ஏறும்போதே நான்தான் நிறுத்தினேன். கார் அமைதியாகத்தான் இருந்தது.

ஓடாத பாட்டின் மேல் ஏன் பழியைப் போடுகிறார்? செய்யாததைச் செய்தேன் என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா?

மார்ச் 11

இன்று பின்னேரம் இவர் இஸ்தோப்பில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் போய் நின்று, "என்னங்க" என்றேன். அசையவில்லை. இன்னும் பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். இல்லை. கையில் இருந்த தேத்தண்ணியின் மேல் படிந்த ஆடைகூட அசையவில்லை.

வேண்டுமென்றே சொன்னேன். "ஒங்க கார் தீப்பிடிச்சு எரியுது."

மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே வந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். லோஜினி பேசியது. நான் பேசாமல் இருந்தது. குசினியில் நான் கேட்டது, அவர் "ஆமா ஆமா" என்றது. கடவுளே, அவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாரோ!

மார்ச் 12, புதன்

காலையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து அவரையும் உள்ளே கூப்பிட்டேன். அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "ஒங்களுக்குக் காது கேக்கலதானே?" என்றேன்.

காரை ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார். சாவியைப் பிடுங்கினேன்.

பிறகு சொன்னார். கத்தாரில் பாறை துளைக்கிற மெஷினில் வேலை. மெஷின் நின்ற பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்குமாம். இப்போதும் ஓடுகிறதாம்.

"ஆம்பளைங்க கொரல் கொஞ்சம் வருது. ஒன் கொரல் கரைஞ்சு கரைஞ்சு போகுது. லோஜி பேசுனா வாய் அசையுறது மட்டுந்தான் தெரியுது, வினோதா. கார் ஓட்டும்போது அதயும் பாக்க முடியல."

"அந்தப் பெட்டி?"

"பாட்டுல பாதி இல்லாமப் போச்சு. அந்தப் பெட்டி போட்டப்ப, இருக்கிற பாதி நெஞ்சுல வந்து உக்காந்துச்சு. அதான்."

"தலைவர்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"பாட்டுல மயங்குன முட்டாள்னு சொல்லட்டும். செவிடன்னு தெரிஞ்சா எவன் என் கார்ல ஏறுவான்?"

குசினியில் கேட்டதை முகத்துக்கு நேராகத் திரும்பக் கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் சிரிக்கப்போனார். சிரிப்பு வரவில்லை, அழுதுவிட்டார். "நீ ரொட்டிக்கு மா இருக்கான்னு கேக்குறன்னு நெனச்சேன்" என்றார்.

மார்ச் 13, வியாழன், பௌர்ணமிப் போயா விடுமுறை

நாளைக்கு வழக்கமான ஸ்கூல் ஹயர். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் போக வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். பாவமாக இருக்கிறது. ஆனால் எந்த நேரமும் அக்காவின் சத்தம் என் காதில். எனக்குக் கேட்கிறதே. நான் என்ன செய்ய?

மார்ச் 14

சாவியைக் கொடுக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டேன். அங்கே வந்து கத்தினார். "என் பொழப்புல மண்ணப் போடாத!" குழந்தைகள் பயந்து அழுதன. தான் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கீழ் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஸ்கூல் பிள்ளைகளை ஜீவராஜ் ஆட்டோவில் இரண்டு தடவையாகக் கொண்டுபோய் விட்டான்.

மார்ச் 15

லோஜினியிடம் சொன்னேன். "அப்ப என்னப் புடிக்காம இல்ல" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயமா இது? சந்தோஷப்பட்டாள், பாவி மகள். பிறகு அதற்காகவும் அழுதாள்.

மார்ச் 16, ஞாயிறு

நான் கேட்காமலே சட்டை மாட்டிக்கொண்டு, "நாகலெட்சுமி அக்காவப் பாத்துட்டு வருவோம்" என்றார். நேற்றுத்தான் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பாட்டு ஓடவில்லை, காது கேட்கவில்லை, தலைவரிடம் பொய் சொன்னேன் என்று.

அக்காவின் மனது இளகும் என்று நினைத்துத்தான் போனேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காது கேக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டேதானே என் பேத்திய டெய்லி ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

இவருக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்த வார்த்தையை நான்தான் அவர் முகத்துக்கு நேரே, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது.

என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை. கேட்டுவிட்டு, "ஆமாங்கக்கா" என்றார். வெளியே வந்தோம்.

ஏப்ரல் 3

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். முதலில் கை தூக்கினார், தூக்கினார். பிறகு கை மடியிலேயே கிடந்தது. நல்ல பிள்ளை மாதிரிக் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். போனது திரும்பாது. காதில் மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும். இப்போதைக்கு ஹயர் ஓடக்கூடாது. காருக்குள் அப்படிச் சத்தம் வைத்துக் கேட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

கடைசி விஷயத்தைக் கேட்டபோதுதான் அவர் முகம் வாடியது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெட்டியைக் கழற்றியாயிற்று. ஜீவராஜ் காரை ஹட்டன் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். கஸ்பர் வயரையெல்லாம் சுருட்டி எடுத்து, பழைய செட்டைப் போட்டுக் காட்டினார். "மறுபடியும் வேணும்னா சொல்லுங்கண்ணே." இவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜூன் 12

கார் சும்மா நின்றால் வீடு ஓடாது. நான் ஓட்டப் பழகுகிறேன். முதல் நாளே ரோட்டோரச் சாக்கான் பள்ளத்தில் விழப்பார்த்தேன். லயமே வேடிக்கை பார்த்தது. "பொம்பள ஹயரா?" என்று ஒரு சிரிப்பு. இவர் கோபப்படவில்லை. அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு முதல் தடவையாக அது நல்லதாகப் பட்டது. இப்படி நினைத்ததற்கு வெட்கமும் வந்தது.

ஆகஸ்ட் 5

காது மெஷின் வந்துவிட்டது. படத்தில் வருவதுபோல ஒன்றும் நடக்கவில்லை. தகரத்தில் மழை விழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் தட்டினால் எரிச்சல். கழற்றி வைத்துவிட்டார். பின்னேரம் அவராகவே மாட்டிக்கொண்டு லோஜினிக்கு எதிரே உட்கார்ந்து, "அந்தப் பேச்சப் பேசு" என்றார். முழுக்கப் பேசினாள். பாதி விளங்கியது என்றார். எந்தப் பாதி என்று அவள் கேட்க, ரெண்டு பேரும் சண்டை.

செப்டம்பர் 18

லைசன்ஸ் கிடைத்தது. ஸ்கூல் ஹயர் திரும்ப வருமா தெரியாது. இரண்டு வீட்டார் சரி என்றிருக்கிறார்கள். மற்றவர்கள் பார்ப்போம் என்கிறார்கள். நாகலெட்சுமி அக்கா வீட்டில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு அக்கா எங்களோடு பேசவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மழை. டவுனுக்குப் போகும்போது பஸ் நிற்கிற இடத்தில் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். கிளினிக் நாள் போல. பஸ் வரவில்லை. நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து மட்டும் விட்டேன். குனிந்து யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு ஏறினார்.

இவர் என் பக்கத்தில். மழைச் சத்தம் தாங்காமல் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவர் பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தம்பி, கண்ணாடிய ஏத்துங்க. சாரல் அடிக்குது" என்றார் அக்கா.

இவருக்குக் கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தொட்டார். இவர் திரும்பினார். அக்கா அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, அதையே இன்னொரு தரம் சொன்னார்.

இவர் கண்ணாடியை ஏற்றினார்.