முதலில் வந்த மாடல்

தம்பிக்கு,

“உன் காதை நம்பித்தான் வாங்குறேண்ணா” என்று எழுதியிருந்தாய். உன் கிட்டாருக்காக அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரின் இரண்டு பழைய மாடல்களையும் கடையில் வாசித்துப் பார்த்தேன். முதலில் வந்ததில் இரைச்சல் அதிகமாம், அடுத்ததில் கிட்டாரின் உறுமல் சுத்தமாகக் கேட்குமாம். கடைக்காரர் சீட்டில் எழுதிக் காட்டினார். கோழி கிண்டினாற்போல் கையெழுத்து.

முழங்காலை ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு அழுத்திக்கொண்டு வாசித்தேன். அடுத்ததில் அவ்வளவாக ஒன்றுமில்லை. முதல் மாடலின் அதிர்வு எலும்புவரை ஏறியது. கடைக்காரர் தோளைத் தட்டி வாசலைக் காட்டினார். தெருவில் ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் வால்யூமைக் குறைத்தேன்.

முதல் மாடலையே வாங்கு. இனி ஃபோன் செய்யாதே, எழுது. நீ மேடையேறும் அன்று வருகிறேன். ஒரு நாற்காலி மட்டும் போட்டு வை, முழங்கால் பெட்டியில் படுகிற தூரத்தில்.

உன் அண்ணன்