எண்ணெய்த் தலை

மார்கழி 4, புதன்

வாடைக்காற்று. ஏரிமேல் பனி, எதிர்க்கரை காணோம். மூக்கு இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவின் குளிர்காலச் சட்டங்கள்: விடிந்ததும் சுக்கு மிளகுக் கஷாயம். கஞ்சி சுடச்சுட. கரையேறியதும் ஈரத்துணி மாற்று. பகலில் தூங்காதே. புதனும் சனியும் எண்ணெய் முழுக்கு. முழுகிய அன்று ஏரியில் கால் வைக்காதே. இந்தக் கடைசிச் சட்டம் குப்பத்துக்கே பொது. எண்ணெய்த் தலையோடு இறங்கினால் இறங்கியவனுக்குச் சன்னி, வலைக்கு இறால் கிடையாது.

இன்று எண்ணெய்க்குத் தப்பினேன். நண்டு விற்கும் சாக்கில் உலாந்தாக்கார வெள்ளையன் கோட்டைக்கு ஓட்டம். ஒரு சிப்பாய் இந்தக் குளிரிலும் சட்டையைக் கழற்றிப்போட்டு வியர்வை துடைக்கிறான். அம்மா கொடுத்தனுப்பிய கஷாயத்தை எங்கள் ஊர்க் கள் என்று சைகை காட்டி நீட்டினேன். ஒரே மூச்சு. இன்னும் வேண்டுமாம். என் வெடி நமுத்துப்போயிற்று. சந்தோஷத்தில் கொஞ்சம் காகிதம் கொடுத்தான். அதில்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது நைனா மாதிரி இருமிக் காட்டினேன். அச்சு அசல், கடைசி இழுப்பு உட்பட. அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அகப்பை கீழே விழுந்தது.

மார்கழி 6, வெள்ளி

வலை ஒட்டுப்போட்டு முடிந்தது. விரல் எல்லாம் கீறல்.

நாளன்றைக்கு, ஞாயிறு, என் பாடு! இறால் துறையில் வலை போட வீட்டுக்கு ஒரு நாள் முறை உண்டே, அது. நைனா இரண்டு மார்கழிக்கு முன்னால் நெஞ்சுச்சளியில் போனதிலிருந்து எங்கள் வீட்டுப் பாடு சும்மாவே கிடந்தது. இந்த வருஷம் குப்பத்துத் தலைவர் நாட்டார், ஊரார் முன்னிலையில் என் பெயரைச் சொன்னார். ஆனால் முதல் முறைக்கு இறங்காதவன் பெயர் அடுத்த மழைக்காலம்வரை பட்டியலில் இல்லை. அதனால் சளி, தும்மல், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஞாயிறுவரை விடுமுறை கொடுத்திருக்கிறேன்.

எல்லப்பன் (மாமா மகன், என் எல்லாத் திருட்டுத்தனத்துக்கும் கூட்டாளி) கூடவே இருந்து முடிச்சுப் போட்டான். எங்களுக்கு அடுத்த பாடு அவர்கள் வீட்டுக்கு. விளக்கு வைக்கிற நேரம் மாமா வந்து கொல்லைப்பக்கம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போனதும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். பெண் பார்க்கிறார்களோ? பாவம் அந்தப் பெண்.

மார்கழி 7, சனி

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விடியலில் அம்மா எண்ணெய் காய்ச்சினாள். நல்லெண்ணெய், மிளகு, சீரகம். ஓடப் பார்த்தேன். "நாளைக்குத் தண்ணியில எறங்கப் போற. இன்னிக்கு ஒடம்பு சூடு தணியட்டும்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நியாயமாகத்தான் பட்டது. எவ்வளவு நேரம் தேய்த்தாள்! உச்சி, காது, முதுகு. சின்ன வயதுக்குப் பிறகு இப்படித் தேய்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தேன். மடையன்.

சீயக்காய் காயுமுன் கரையிலிருந்து கூப்பாடு. இன்றைய முறைக்காரரின் மாமனார் நேற்று பசியாவரத்தில் செத்துப்போனாராம். தீட்டு. அவர் முறை தள்ளிப்போய், இன்றைக்கே என் பாடு.

வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாட்டார் என் தலையில் கை வைத்தார். மோந்து பார்த்தார். கழுவிவிட்டேன் என்றேன். வெறும் தண்ணீர்தான் என்றேன். இதுவரை அவரிடம் சொன்ன பொய்யெல்லாம் வந்து என் பக்கத்தில் வரிசையாக நின்றன.

"எண்ணெத் தலடா. அடுத்த வூடு எறங்கட்டும்" என்றார்.

கரையே சிரித்தது. குளிருக்குப் பயந்து நானே பண்ணிய வேலையாம் இது. எல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் படகைத் தள்ளினான்.

மார்கழி 8, ஞாயிறு

தூறல். கஷாயம் குடிக்கவில்லை. கஞ்சியும்.

எல்லப்பன் ஒரு கூடை இறால் கொண்டுவந்து வாசலில் வைத்தான். நல்ல பாடாம். நான் உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னான்: சாவுச் செய்தி வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது. மாமாதான் வந்து அம்மாவிடம் சொன்னார். என் காதில் போடவேண்டாம் என்று அம்மா அவர் காலைப் பிடித்து அழுதிருக்கிறாள். "வாயத் தொறந்தா தோல உரிச்சிடுவேன்னாரு எங்க நைனா. நா இன்னாடா பண்ணுவேன்?"

ஆக மூன்று பேருக்கும் தெரியும். தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியாது.

அம்மாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "ஊரையே ஏமாத்தறவன் நீ. ஒன்ன வேற எப்பிடிடா நிறுத்துவேன்? அன்னிக்கி நீ இருமுனியே, அவரு இருமுன மாதிரியே இருந்திச்சு. ஒரு வருசம் போவட்டும். நெஞ்சு கெட்டியாவட்டும்" என்றாள்.

அது விளையாட்டு என்று கத்தினேன். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மிளகு போட்டு வறுத்தாள். தெரு முழுக்க வாசனை. தொடவில்லை. (பசி.)

மார்கழி 10, செவ்வாய்

வெயில் வந்தது. அம்மாவோடு இன்னும் பேச்சில்லை. தலையில் இன்னும் எண்ணெய் வாசம்; உப்புத் தண்ணீரில் மூன்று முழுக்குப் போட்டும் போகவில்லை.

எல்லப்பனைத் திட்டுவதற்காக அவன் வீட்டுக்குப் போனேன். சொற்களை வழியிலேயே கோத்துவைத்திருந்தேன். கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். சனிக்கிழமை முழுக்க ஈரத்துணியோடு இருந்திருக்கிறான். இருமினான். அந்த இருமல் எனக்குத் தெரியும், கடைசி இழுப்பு உட்பட. "திட்டிட்டுப் போடா" என்றான். கோணியை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அவன் அம்மா நெல்லூர் போயிருக்கிறாள். மாமாவுக்குக் கஷாயத்துக்கும் கழுநீருக்கும் வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்கு வந்து சுக்கும் மிளகும் தூதுவளையும் எடுத்து மடியில் கட்டினேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் செய்தது சரி என்றாகிவிடும்.

திரும்பினால் வாசற்படியில் அம்மா.

"யாருக்குடா?"

"எனக்கு" என்றேன்.

மூன்று நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. தேன் குடுவையையும் எடுத்துக் கையில் கொடுத்தாள்.