மலர் சிரிக்காத படம்

ஞாயிறு இரவு, செவன் கிங்ஸ்

இன்று மத்தியானம் நானும் மனைவி மலரும் நூலகத்தில் ஒரு பழைய இத்தாலிய நகைச்சுவைப் படம் பார்த்தோம். ஆண்களைக் கேலி செய்யும் சின்னச் சின்னக் கதைகள். ஒன்றில் புருஷனுக்கு இலேசான காய்ச்சல். சாகப்போகிறவன் போலப் படுத்துக்கொண்டு மனைவியை ஏவுகிறான். அவளுக்கோ அவனைவிடக் கடும் காய்ச்சல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மலர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு ஒப்பரேஷன் முடிஞ்சு கண் முழிச்சவுடனை நீங்கள் முதல் கேட்டது ஞாபகம் இருக்கோ?”

“இல்லை.”

“நீலச் சட்டை எங்கை எண்டு கேட்டனீங்கள்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை வாட்டியது.

“அதுக்கு நீர் என்ன சொன்னனீர்?”

“அலுமாரியிலை, இடப்பக்கம் எண்டு சொன்னனான்.”

இப்போது அவள் தூங்கிவிட்டாள். பதினொரு வருடமாக இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போனேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு நிச்சயம் தெரியும். கேட்கத்தான் பயமாக இருக்கிறது.